வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்

காலை 10.45. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் முன்னறை. கொள்முதல் பில் ஒன்று பாதிதான் ஏறியிருந்தது. திரை சட்டென்று இருண்டது. மேஜைக்கடியில் இருந்த பெட்டியில் 'டிக்' என்று ஒரு சத்தம். மறுகணம் உள்ளே விசிறி சுழல ஆரம்பித்தது. கம்பெனிச் சின்னம் வந்தது. வெள்ளைப் புள்ளிகள் வட்டமடிக்கத் தொடங்கின. யாரும் எதையும் தொடவில்லை. கம்ப்யூட்டர் தானே செத்து, தானே பிழைத்து எழுந்தது.

எதிரே நின்றிருந்த இளம் முதலாளி திரையைப் பார்க்கவில்லை. கணக்கரின் விரல்களைப் பார்த்தார். "அங்கிள், இப்ப எதை அமுக்கினீங்க?" என்று மலையாளத்தில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. பரிவுதான் இருந்தது. அதற்குக் கோபமே தேவலை என்று கணக்கருக்குத் தோன்றியது.

அவருக்கு வயது 62. சொந்த ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் வாசனையில் பிறந்து வளர்ந்தவர், 1985-ல் 22 வயதில் கொச்சிக்கு வந்து மிளகு வாசனைக்கு மாறினார். அன்று முதலாளியாக இருந்தவர் இன்றைய முதலாளியின் தாத்தா. குஜராத்தி. போடிக்காரர் ஒருவர் குஜராத்தியின் கணக்கை மலையாள நாட்டில் எழுதுவது மட்டாஞ்சேரியில் யாருக்கும் அதிசயமில்லை. கொங்கணிகள், கச்சி மேமன்கள், குஜராத்திகள், தமிழர்கள் என்று தெருவுக்குத் தெரு மொழி மாறும் ஊர் அது. 1568-ல் யூதர்கள் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கும் ஜூ டவுனில்தான், 1957-ல் தொடங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கமும் இருக்கிறது. தரகர்கள் தொண்டை கிழியக் கூவி மிளகின் முன்பேர விலையை முடிவு செய்த காலத்தைக் கணக்கர் நேரில் பார்த்திருக்கிறார். பிறகு கூச்சல் அடங்கி, விலை கம்ப்யூட்டர் திரைக்குள் போய்விட்டது.

கூடவே கணக்கும் போனது. 90-களின் கடைசியில் முதலாளியின் அப்பா ஒரு கம்ப்யூட்டரும் டாலி சாஃப்ட்வேரும் வாங்கிப் போட்டார். சிவப்புத் துணி அட்டைப் பேரேட்டில் எழுதிப் பழகிய கை, மூன்றே வாரத்தில் விசைப்பலகைக்குப் பழகிக்கொண்டது. பற்று எது, வரவு எது என்று தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் வெறும் பொத்தான் என்பது அவர் கருத்து. அதற்குப் பிறகு நான்கு கம்ப்யூட்டர்கள் மாறிவிட்டன. எதுவும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில்லை. ஐந்தாவதுதான் ஏற்றியது.

தொல்லை தொடங்கியது 2025 ஏப்ரலில். முதலில் வாரத்துக்கு இரண்டு தடவை. மே மாதத்தில் தினமும் மூன்று, நான்கு தடவை. அணைந்து எழுந்தால் மூன்று நிமிடம் வீண் என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைசியாகப் போட்ட பில் பதிவானதா, இல்லையா என்பது அவருக்குத் தெரியாமல் போனது. பதிவாகவில்லை என்று நினைத்து மறுபடி போடுவார். அது ஏற்கெனவே பதிவாகியிருக்கும். ஏப்ரல் மாதக் கொள்முதலை ஜி.எஸ்.டி. தளத்தில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்ட ஆடிட்டர், இரண்டு பில்கள் இரட்டையாக ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரே பில்லுக்கு இரண்டு முறை இன்புட் கிரெடிட். சிக்கலாவதற்கு முன் திருத்தியாகிவிட்டது. ஆனால் ஆடிட்டர் போனில் சொன்ன ஒரு வாக்கியம் முதலாளியின் மனதில் தங்கிவிட்டது: "பெரியவருக்குக் கண் சரியா இருக்கா?"

கணக்கருக்கு முந்தைய வருடம்தான் வலது கண்ணில் புரை நீக்கியிருந்தார்கள். இடது கண் இன்னும் பாக்கி. 40 வருடத்தில் கேட்காத கேள்வியை முதலாளி இப்போது தினமும் கேட்டார். மே மாதக் கடைசியில் முடிவையும் சொன்னார். ஜூலை முதல் கணக்குகள் எர்ணாகுளத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போகும். "நீங்க ரெஸ்ட் எடுங்க அங்கிள்." அன்று இரவு கணக்கர் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னார்.

இத்தனைக்கும் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஆளுக்கொரு நோயின் பெயர் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சொன்ன ஒவ்வொரு நோயும் உலகத்தில் எங்கோ ஒரு காலத்தில் உண்மையிலேயே வந்த நோய்தான்.

பக்கத்துக் கிடங்கு மேனேஜர் வைரஸ் என்றார். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு உலகம் முழுவதும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. திரையில் ஒரு பெட்டி தோன்றும். 60 விநாடியில் அணையப்போகிறேன் என்று எண்ணிக்கை இறங்கும். பூஜ்யம் வந்ததும் அணைந்து எழும். எழுந்த சிறிது நேரத்தில் மறுபடி எண்ணத் தொடங்கும். அந்தப் புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. பல லட்சம் பேர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால் பிளாஸ்டர் 60 விநாடி அவகாசமாவது கொடுத்தது. இந்தக் கம்ப்யூட்டர் ஒரு விநாடிகூடக் கொடுக்கவில்லை.

முதலாளியின் நண்பர் ஒருவர், ஏதோ அப்டேட் கெடுத்திருக்கும் என்றார். அதற்கும் சாட்சி உண்டு. 2024 ஜூலை 19 அன்று, இந்திய நேரப்படி காலை 9.40 சுமாருக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன ஃபைலில் பிழை இருந்தது. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி விழுந்தன. எழுந்ததும் அதே ஃபைலைப் படித்து மறுபடி விழுந்தன. இந்திய விமான நிலையங்களில்கூடப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்க வேண்டி வந்தது. 78 நிமிடத்தில் பிழையான ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்து எழும் சுழலில் மாட்டிக்கொண்ட பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு ஓர் ஆள் நேரில் போய், 'சேஃப் மோட்' என்ற முறையில் எழுப்பி, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. அன்று உலகம் முழுவதும் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்ததால் காரணம் தெரிந்தது. மட்டாஞ்சேரியில் விழுந்தது ஒன்றே ஒன்று.

முதலில் வந்த மெக்கானிக் மதர்போர்டைச் சந்தேகப்பட்டார். இதுவும் வெறும் கற்பனை அல்ல. 2000-த்தை ஒட்டிய வருடங்களில் தயாரான ஏராளமான மதர்போர்டுகளில், கெப்பாசிட்டர் எனும் சிறு உருளைகளுக்குள் ஊற்றிய திரவம் மட்டமானது. ஒன்றிரண்டு வருடத்தில் உருளைகளின் தலை உப்பியது. சில வெடித்துக் கசிந்தன. கம்ப்யூட்டர்கள் காரணம் தெரியாமல் அணைந்து எழுந்தன. அப்படிப் பழுதானவற்றைச் சரிசெய்ய 2005-ல் டெல் நிறுவனம் மட்டும் சுமார் 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. மெக்கானிக் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உருளைகள் எல்லாம் தட்டையாக, நல்ல பிள்ளைகளாக நின்றன.

இருந்தாலும் அவர் தன் கடைக்கு எடுத்துப் போய் முறைப்படி எல்லாம் செய்தார். ராம் அட்டையின் தங்கப் பட்டைகளை ரப்பரால் தேய்த்தார். மிளகுத் தூசியை ஊதித் தள்ளினார். பிராசஸர் மேல் காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதுசு தடவினார். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினார். மூன்று நாள் இரவும் பகலும் ஓடவிட்டார். ஒரு தடவைகூட அணையவில்லை. ரூ. 1,500 பில்லோடு கிடங்குக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் காலை 9.40-க்கு அணைந்தது.

கணக்கர் மேல் விழுந்த பழி உறுதியானது அந்தக் காலையில்தான். கடையில் ஓடுகிறது, இவர் மேஜையில் மட்டும் அணைகிறது. இடையில் மாறியது என்ன? இவர்தான். தர்க்கம் சரியாகவே இருந்தது. அவருக்கே அப்படித் தோன்றத் தொடங்கியது. என்டர் தட்டும்போது சுண்டுவிரல் வேறு எதன் மேலோ படுகிறதோ? கால் கீழே பெட்டியில் இடிக்கிறதோ? செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கால்களை நாற்காலிக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்.

ஆனால் கணக்கர், கணக்கர். ஜூன் 2, திங்கட்கிழமை ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டார். தேதி, நேரம், கடைசியாகத் தொட்ட விசை, பில் பதிவானதா என்று நான்கு பத்திகள். தன்னைத்தானே தணிக்கை செய்துகொள்வதுதான் நோக்கம். பிழை தன் கையில் இருந்தால் மூன்றாவது பத்தி காட்டிக் கொடுத்துவிடும். அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை மே 24-ம் தேதியே கேரளத்துக்கு வந்துவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. வெளியே மழை கொட்டியது. உள்ளே அவர் ஒவ்வொரு மரணத்தையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ஜூன் 19, வியாழக்கிழமை மாலை இன்னொரு மெக்கானிக் வந்தார். 25 வயதுக்குள் இருக்கும் தமிழ் இளைஞர். ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் சலவைக்கூடம் ஒன்று உண்டு. டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்க அழைத்து வரப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. அப்பா கஞ்சி போட்ட துணியோடும், மகன் கம்ப்யூட்டரோடும் மல்லுக்கட்டுகிறார்கள். மறுநாள், ஜூன் 20, மே மாதத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர். 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தவறினால் நாளுக்கு ரூ. 50 அபராதம், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவிகித வட்டி. அதைவிட, 'அங்கிள் கடைசி மாதத்திலும் சொதப்பினார்' என்ற பெயர்.

இளைஞர் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் விண்டோஸுக்குள் ஓர் இடத்துக்குப் போய் ஒரு டிக் அடையாளத்தை எடுத்தார். விண்டோஸ் தானாக மயங்கி விழுந்தால் நீலத் திரையில் காரணத்தை எழுதும். ஆனால் எழுதிய கையோடு தானே ரீ-ஸ்டார்ட் ஆகும்படிதான் கம்பெனியிலிருந்தே வருகிறது. படிப்பதற்குள் திரை போய்விடும். அந்த டிக்கை எடுத்துவிட்டால் நீலத் திரை அப்படியே நிற்கும்.

பிறகு கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பைத் திறந்தார். 'கெர்னல் பவர் 41' என்று வரிசையாக இருந்தது. முறையாக அணைக்கப்படாமல் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்திருக்கிறது என்பது மட்டுமே அதற்குப் பொருள். இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றுவிட்டது' என்று எழுதுவதைப் போல. உண்மைதான், உபயோகமில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்குள்ளும் பிழைக் குறி இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தது. "நீலத் திரை வரவே இல்லை அய்யா. விண்டோஸ் சாகல. யாரோ மூச்சை அடைக்கிறாங்க" என்றார். "இது எப்ப எப்ப அணையுதுன்னு ஞாபகம் இருக்கா?"

கணக்கர் மேஜை டிராயரை இழுத்து நோட்டை எடுத்து வைத்தார். யாராவது கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 16 வேலை நாள், 58 பதிவுகள். மூன்றாவது பத்தியில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்: 'எதுவும் தொடவில்லை'.

இளைஞர் மூன்றாவது பத்தியைப் பார்க்கவில்லை. இரண்டாவது பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். காலை 9.30-க்கும் 9.45-க்கும் இடையில் ஏறக்குறைய எல்லா நாளும் ஒன்று. மதியம் 2 மணியை ஒட்டி ஒன்று. மாலை 4.15-க்கு ஒன்று. நடுவில் உதிரியாக ஒன்றிரண்டு. 6 மணிக்கு மேல் கிடையாது. ஜூன் 7, சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை. அன்று கம்ப்யூட்டருக்கு உடம்பு தேறிவிட்டதாகவே கணக்கர் நினைத்தாராம்.

"ஜூன் 7 என்ன நாள்?"

"பக்ரீத்."

விரல் மறுபடி மேலே போனது. வெள்ளிக்கிழமைகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் 12 மணிக்குப் பிறகு இரண்டேகால் வரை எதுவும் இல்லை. இளைஞர் நிமிர்ந்தார். "அய்யா, இந்தக் கட்டடத்துல ஜும்மாவுக்குப் போறவங்க யாரு?"

கணக்கருக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. அப்புறம் எல்லாமே புரிந்தது. கிடங்கின் பின்பாதி. காலியாகக் கிடந்த அதை முதலாளி ஏப்ரல் 1 முதல் வாடகைக்கு விட்டிருந்தார். மிளகாய், மல்லி அரைக்கும் சின்ன மில். 5 குதிரைச் சக்தி மோட்டார். நடுவில் இரண்டடி கனச் சுவர். இரைச்சல் லேசாகக் கேட்கும். கேட்டுக் கேட்டு, கேட்காமலே போய்விட்டது. வேலையாட்கள் வெள்ளிக்கிழமை 12 மணிக்கு மில்லை நிறுத்திவிட்டுத் தொழுகைக்குப் போவார்கள். இரண்டேகாலுக்குத் திரும்பி வந்து போடுவார்கள். தனி மின் இணைப்பு வாங்கும்வரை கிடங்கின் இணைப்பிலிருந்தே ஒயர் இழுத்திருந்தார்கள். மாதாமாதம் 'வாடகை வரவு' என்று அதைக் கணக்கில் ஏற்றியதே கணக்கர்தான். முதல் வாடகையும் முதல் ரீ-ஸ்டார்ட்டும் ஒரே மாதம். பேரேட்டில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருந்திருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

ஆனால் அன்று மில் மூடியாகிவிட்டது. மறுநாள் காலை இளைஞர் கம்ப்யூட்டர் சாமான் எதையும் கொண்டு வரவில்லை. வீட்டுப் பரணிலிருந்து ஒரு 60 வாட் குண்டு பல்பைக் கொண்டுவந்து, மேஜைக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டினார். குண்டு பல்பு இருந்தவரை வோல்டேஜ் இறங்கினால் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வெளிச்சம் மங்கும். எல்.இ.டி. விளக்குகள் அப்படியில்லை. வோல்டேஜ் கணிசமாக இறங்கினாலும் உள்ளேயிருக்கும் சர்க்யூட் சமாளித்து அதே வெளிச்சத்தைத் தரும். மின்விசிறியும் ஒரு கண நேரக் குறைவில் சுற்றிய வேகத்திலேயே சுற்றிவிடும். கேரள மின்வாரியம் பிலமென்ட் பல்புகளை ஒழிக்க ஒரு திட்டமே நடத்தியது. மின்சாரம் மிச்சமானது. கூடவே, இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த வோல்ட் மீட்டர் வீடுகளிலிருந்து போய்விட்டது.

9.35. மூன்று பேரும் — முதலாளியும் வந்துவிட்டார் — ஒரு பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவருக்கு அப்பால் மோட்டார் உறுமிக் கிளம்பியது. பல்பு செம்மஞ்சளாகச் சுருங்கி மறுபடி மலர்ந்தது. கம்ப்யூட்டர் 'டிக்' என்றது. திரை இருண்டது. கணக்கரின் இரு கைகளும் அப்போது முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன.

ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் ஆறு மடங்கு இழுக்கும். ஒயரும் இணைப்புகளும் நன்றாக இருந்தால் வோல்டேஜ் கொஞ்சம்தான் தாழும். அன்று மாலை எலெக்ட்ரீஷியன் மெயின் போர்டைத் திறந்தபோது, ஃபியூஸ் கட்டையில் ஓர் இணைப்பு தளர்ந்து கரிந்து போயிருந்தது. கடல் காற்று படும் பழைய கட்டடத்தில் யாரும் வருடக்கணக்காகத் திறந்து பார்க்காத போர்டு. அத்தனை ஆம்பியரும் அந்தக் கரிந்த இடத்தின் வழியாக நெருக்கியடித்துப் போக, அதே ஃபேஸில் இருந்த கணக்கரின் மேஜைக்கு மிச்சம் மீதிதான் வந்து சேர்ந்தது.

"யு.பி.எஸ். இருக்கே?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. பச்சை விளக்கு எரிய, அது மேஜைக்கடியில் இருக்கத்தான் செய்தது. இளைஞர் பதில் சொல்லாமல், திறந்திருந்த வேலையை மூடச் சொல்லிவிட்டு, யு.பி.எஸ்.ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். நல்ல யு.பி.எஸ். என்றால் 'பீப்' அடித்துக்கொண்டு பத்து நிமிடமாவது தாங்கும். இது 'பீப்' அடிக்கக்கூட இல்லை. கம்ப்யூட்டரோடு சேர்ந்து செத்தது. பச்சை விளக்குக்குப் பொருள், சுவரில் கரண்ட் வருகிறது என்பதுதான். உள்ளே பேட்டரி உயிரோடு இருக்கிறது என்பதல்ல. 12 வோல்ட் ஈயப் பேட்டரி கொச்சி வெப்பத்தில் மூன்று, நான்கு வருடம் ஓடினால் பெரிது. இதற்கு ஐந்து முடிந்திருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை, கரண்ட் இல்லாமல் சமாளிக்கும் நேரம் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. வோல்டேஜ் விழுந்தவுடன் யு.பி.எஸ். பேட்டரியிடம் கை நீட்டியது. பேட்டரி கை விரித்தது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் நிமிர்ந்தது. கம்ப்யூட்டரும் எழுந்துவிட்டது.

மெக்கானிக்கின் கடையில் மூன்று நாள் சமர்த்தாக ஓடிய மர்மமும் அதுதான். கடைக்குப் போனது கம்ப்யூட்டர் மட்டும். மோட்டார், கரிந்த ஃபியூஸ் கட்டை, செத்த பேட்டரி மூன்றும் இங்கேயே இருந்துவிட்டன. இதில் ஏதாவது ஒன்று சரியாக இருந்திருந்தாலும் கம்ப்யூட்டர் விழுந்திருக்காது. மோட்டார் வருவதற்கு முன்பே பேட்டரி செத்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

புதுப் பேட்டரி எர்ணாகுளத்திலிருந்து மறுநாள்தான் வரும். எலெக்ட்ரீஷியன் வருவது மாலை 4 மணிக்கு. ஆனால் தாக்கலுக்கு அன்றே கடைசி நாள். முதலாளி மில்காரரிடம் பேசி நிறுத்தச் சொல்லவா என்று கேட்டார். கணக்கர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "வேண்டாம் சேட். இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

12 மணிக்கு மில் நின்றது. தெருவின் இரைச்சலும் ஒரு சுருதி இறங்கியது. கணக்கர் செருப்பைக் கழற்றாமல், கால்களை நன்றாக நீட்டி உட்கார்ந்தார். மே மாதக் கொள்முதல்களை ஒவ்வொன்றாகப் பட்டியலோடு சரிபார்த்தார். இரட்டைப் பதிவு ஒன்று இருந்தது. நீக்கினார். கடைசி நாள் நெரிசலில் பக்கங்கள் மெதுவாகத்தான் திறந்தன. முதலாளி எதிர் நாற்காலியில் போனை வைத்துக்கொண்டு, ஓ.டி.பி.க்காகக் காத்திருந்தார். 1.20-க்கு எண் வந்தது. அவர் படித்தார், இவர் தட்டினார். தாக்கலானதற்கான ரசீது எண் திரையில் வந்ததும் கணக்கர் அதை முதலில் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகுதான் பிரின்ட் எடுத்தார். மில் திரும்ப ஓட இன்னும் 50 நிமிடம் இருந்தது. இருவரும் சாப்பிடப் போனார்கள்.

முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக அப்படி ஒரு வழக்கம் இல்லை; கணக்கர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. திங்கட்கிழமை காலை பேட்டரி பில்லும் எலெக்ட்ரீஷியன் பில்லும் மேஜை மேல் இருந்தன. "இதையும் ஏத்திடுங்க அங்கிள்." அவர் 'பழுதுபார்ப்புச் செலவு' தலைப்பில் ஏற்றினார். அதே தலைப்பில், மேல் வரியில், விண்டோஸை அழித்து ஏற்றியதற்கான ரூ. 1,500 இருந்தது. ஜூலை 1 அன்று எர்ணாகுளத்திலிருந்து யாரும் வரவில்லை. ஏன் என்று இவர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மில்லுக்குத் தனி மின் இணைப்பு வாங்க மனு கொடுத்தாயிற்று. இடது கண்ணுக்கும் தேதி வாங்கியாகிவிட்டது. அது கம்ப்யூட்டருக்காக அல்ல என்று மனைவியிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறார்.

நீள நோட்டில் இன்னும் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கங்கள். அவர் அதை வீணாக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, வேலையெல்லாம் மூடிவைத்துவிட்டு, யு.பி.எஸ். பிளக்கைத் தன் கையாலேயே சுவரிலிருந்து பிடுங்குகிறார். கம்ப்யூட்டர் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதிக்கொள்கிறார். முதல் பதிவு: ஜூலை 1, 14 நிமிடம். மூன்றாவது பத்திக்கு இப்போது தலைப்பு இல்லை.